நாற்பது வினாடிகள் யார் கையில்?

2014 பிப்ரவரியில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் விதிக்குழு பத்து வினாடிகளுக்காக ஒரு திருத்தத்தை முன்மொழிந்தது. ஒரு முயற்சி முடிந்ததும் அடுத்ததைத் தொடங்கத் தாக்கும் அணிக்கு 40 வினாடி அவகாசம் உண்டு. இனி அந்தக் கடிகாரம் 29-க்கு இறங்கும்வரை பந்தை எடுக்கக் கூடாது. அதற்குள் தடுக்கும் அணி வேண்டிய ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்களுக்கு மட்டும் விலக்கு. திருத்தம் அவ்வளவுதான். இதற்காகக் குழுவின் முன் பேசிய பயிற்சியாளர்களில் ஒருவர் ஆர்கன்சாவின் பிரெட் பீலிமா. இன்னொருவர் அலபாமாவின் நிக் சேபன். 2009, 2011, 2012 என நான்கே பருவங்களில் மூன்று தேசியப் பட்டங்களை வென்று வைத்திருந்தவர்.

ஆள்பலத்தில் நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கும் அணிக்குப் பத்து வினாடி எதற்கு? கல்லூரி மைதானங்களில் கால் நூற்றாண்டாக நடக்கும் ஒரு சண்டையின் முழுக்கதையும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அந்தச் சண்டையின் பெயர் நோ-ஹடில்.

இங்கே கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தை ஏந்தி ஓடியும் வீசியும் ஆடும் அமெரிக்க ஆட்டம். பக்கத்துக்குப் பதினொரு பேர். நான்கு முயற்சிகளில் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு. ஒவ்வொரு முயற்சியும், அதாவது ஒவ்வொரு ‘பிளே’யும், சில வினாடிகளில் முடிந்துவிடும். அதன்பின் தாக்கும் அணியினர் வட்டமாகக் கூடித் தலைகுனிந்து நிற்பார்கள். தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் அடுத்த திட்டத்தைச் சொல்வார். கைதட்டிக் கலைந்து வரிசைக்கு வருவார்கள். இந்த வட்டம்தான் ஹடில். எதிர்ப்பக்கத்தில் தடுப்பாளர்களும் அதே நேரத்தில் மூச்சு வாங்குவார்கள், ஆள் மாற்றுவார்கள், தங்கள் திட்டத்தைக் கேட்டுக்கொள்வார்கள். எழுதப்படாத ஓர் ஒப்பந்தம்போல இரு தரப்பும் அந்த இடைவெளியைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தன.

நோ-ஹடில் அணி அந்த ஒப்பந்தத்தை முறிக்கிறது. பிளே முடிந்த இடத்திலேயே வரிசை கட்டி நிற்கிறது. திட்டம் எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து சைகையாக வருகிறது. நடுவர் பந்தை வைத்துவிட்டு விலகியதுமே பந்து பின்னால் வந்துவிடலாம். கிரிக்கெட்டில் பேட்ஸ்மேன் தயாராக இல்லாவிட்டால் கையைக் காட்டி விலகிக்கொள்ளலாம், பந்துவீச்சாளர் காத்திருப்பார். இங்கே தடுப்பாளருக்கு அந்தச் சலுகை கிடையாது.

இதில் பலரும் தவறவிடுவது ஆள்மாற்ற விதி. தாக்கும் அணி ஓர் ஆளை மாற்றினால், எதிரணியும் மாற்ற அவகாசம் கொடுக்கவேண்டியது நடுவரின் கடமை. பந்தின்மேல் நின்று ஆட்டத்தை அவர் நிறுத்தி வைப்பார். தாக்கும் அணி யாரையுமே மாற்றவில்லை என்றால் அவருக்கு நிறுத்தும் வேலையே இல்லை. ஆக, அதே பதினொருவரோடு அடுத்தடுத்து ஆடும் அணி எதிரணியின் அதே பதினொருவரைக் களத்தில் பூட்டிவிடுகிறது. ஓட்டத்தைத் தடுக்க வந்த 140 கிலோ ஆள், பந்து வீசப்படும் பிளேயிலும் மாட்டிக்கொள்கிறார். வெளியே அவருக்கு மாற்று ஆள் ஹெல்மெட் போட்டுத் தயாராக நிற்கிறார். உள்ளே வர வழியில்லை. சேபனின் பலமே ஒவ்வொரு சூழலுக்கும் பொருத்தமான ஆளை இறக்குவதாகத்தான் இருந்தது. அந்தப் பலத்தின் கதவை நோ-ஹடில் வெளிப்பக்கமாகத் தாழ் போட்டுவிட்டது.

ஆகவே நோ-ஹடிலை வேகம் என்று மட்டும் புரிந்துகொள்வது பாதிப் புரிதல். வட்டம் கூடாமல் மெதுவாகவும் ஆடலாம். பல அணிகள் ஓடிவந்து வரிசை கட்டி, இதோ பந்தை எடுக்கப்போகிறோம் என்று பாவனை காட்டும். தடுப்பாளர்கள் தங்கள் திட்டத்தை வெளிக்காட்டியதும், பதினொரு பேரும் ஒருசேர எல்லைக்கோட்டைத் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கிருந்து பயிற்சியாளர் எதிரணியின் நிலையைப் படித்து, அதற்கேற்ற வேறொரு திட்டத்தை அனுப்புவார். கடிகாரம் 8, 7 என்று இறங்கும்வரைகூட இது நடக்கும். வேகம் என்பது கையிலிருக்கும் மிரட்டல். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதே போதும்.

முறை புதிதல்ல. பாதி முடியும் தறுவாயில் ஆட்டத்தைத் துரத்தும் எந்த அணியும் இரண்டு நிமிட அவசரத்தில் இப்படித்தான் ஆடும். முழு ஆட்டத்தையும் அப்படி ஆடலாம் என்று தொழில்முறை லீக்கில் காட்டியவர் 1988-இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் சாம் வைச். அடுத்த ஆண்டுகளில் பஃபலோ பில்ஸ் அணி, குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லியின் கையில் ஆட்டத்தை ஒப்படைத்துத் தொடர்ந்து நான்கு சூப்பர் பௌல் இறுதி ஆட்டங்களுக்குப் போனது. நான்கிலும் தோற்றது என்பது வேறு கதை. ஆனாலும் தொழில்முறை லீக்கில் அது ஓரிரு அணிகளின் தனி அடையாளமாகவே நின்றது. ஊரெங்கும் பரவியது கல்லூரிகளில்தான்; அதுவும் யாரும் எட்டிப்பார்க்காத சின்னக் கல்லூரிகளிலிருந்து.

மேற்கு வர்ஜீனியாவின் மலைப்பக்கத்தில் கிளென்வில் ஸ்டேட் என்று ஒரு கல்லூரி. 1990-இல் அங்கே தலைமைப் பயிற்சியாளராகப் போன ரிச் ராட்ரிகஸுக்கு நல்ல ஆட்கள் கிடைக்கவில்லை. இரண்டு நிமிட அவசர ஆட்டத்தைத் தடுப்பதுதான் எல்லோருக்கும் கஷ்டமென்றால் அதையே முழு நேரமும் ஆடினால் என்ன என்பது அவருடைய கணக்கு. ஆட்களை மைதானத்தின் அகலம் முழுக்கப் பரப்பினார், வட்டத்தை ஒழித்தார். அங்கிருந்து துலேன் போனார். அவர் தாக்குதலை வகுத்த 1998-இல் அந்த அணி ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அதன்பின் கிளெம்சன், மேற்கு வர்ஜீனியா. இன்னொரு பக்கம் அயோவா வெஸ்லியனில் ஹால் மம்மியும் மைக் லீச்சும் பந்தை ஓயாமல் வீசும் ஏர் ரெய்டு முறையை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்கன்சாவின் பள்ளிக்கூட மைதானங்களில் கஸ் மல்சான் முழு ஆட்டத்தையும் அவசர கதியில் ஆடவைத்தார். 2003-இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். பள்ளிப் பயிற்சியாளர் எழுதியதைப் படித்துப் பல்கலைக்கழகங்கள் பாடம் கற்றது இந்த வரலாற்றின் சுவையான முரண்களில் ஒன்று.

பெரிய லீக்குகளின் கண்ணைத் திறந்தது 2000 நவம்பர் 4. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் முந்தைய ஆண்டு மூன்றே ஆட்டங்களில் வென்றிருந்தது. படிப்புக்குப் பேர்போன இடம், கால்பந்துக்கு அல்ல. அதன் பயிற்சியாளர் ராண்டி வாக்கர் கோடை விடுமுறைக்கு முன்பே தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் ராட்ரிகஸிடம் பாடம் கேட்டிருந்தார். அன்று மிச்சிகன் வந்தது. 54-51 என்று நார்த்வெஸ்டர்ன் வென்றது. அகலப் பரந்து நின்ற தாக்குதலை மிச்சிகனின் கனமான தடுப்பாளர்கள் துரத்தித் துரத்தி ஓய்ந்தார்கள். அந்தப் பருவம் நார்த்வெஸ்டர்ன் லீக் பட்டத்தையும் பகிர்ந்துகொண்டது.

இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். டிசம்பர் 30-ஐயும் சேர்த்துச் சொல்லவேண்டும். பல வாரங்கள் தயாராக அவகாசம் கிடைத்த நெப்ராஸ்கா, பருவத்தின் முடிவில் அலமோ பௌல் ஆட்டத்தில் அதே நார்த்வெஸ்டர்னை 66-17 என்று நொறுக்கியது.

இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நோ-ஹடில் எளியவனின் ஆயுதம் என்ற பிரபலமான வாதம் ஆட்டம் காண்கிறது. நிகழ்தகவு படித்த யாரும் சொல்வார்கள்: வாய்ப்புகளின் எண்ணிக்கை கூடக் கூட அதிர்ஷ்டத்தின் பங்கு குறையும், திறமையின் பங்கு ஓங்கும். பலவீனமான அணி ஜெயிக்க வேண்டுமென்றால் பிளேக்களைக் குறைக்க வேண்டுமே தவிரக் கூட்டக் கூடாது. இதற்கு வாழும் சாட்சி ராணுவக் கல்லூரி அணியான ஆர்மி. 2018 செப்டம்பரில் ஓக்லஹோமாவின் சொந்த மைதானத்துக்குப் போய், 44 நிமிடங்களுக்கும் மேல் பந்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. ஒவ்வொரு முயற்சியிலும் மூன்று யார்டு, நான்கு யார்டு என்று ஊர்ந்தது. அந்த ஆண்டின் மிகச்சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதை வாங்கவிருந்த ஓக்லஹோமாவின் கைலர் மர்ரி பெரும்பாலும் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். கூடுதல் நேரம்வரை இழுத்துப்போய் 28-21 என்றுதான் ஆர்மி தோற்றது.

அப்படியானால் நார்த்வெஸ்டர்ன் ஜெயித்தது எப்படி? எண்ணிக்கையால் அல்ல, குழப்பத்தால். அப்படியொரு ஆட்டத்துக்கு எதிரணி பழகியிருக்கவில்லை. கல்லூரி வீரர்களுக்கு வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி என்பது விதி. அதற்குள் ஒரு சனிக்கிழமைக்காக முற்றிலும் வேறான ஒரு வேகத்துக்குப் பழக வேண்டும். மாதிரிக்கு ஆடிக்காட்டும் இரண்டாம் நிலை ஆட்களால் அந்த வேகத்தைக் காட்டவும் முடியாது. எதிரணிக்குப் பழக்கமில்லாதவரை ஒவ்வொரு பிளேயிலும் நோ-ஹடிலுக்கு ஒரு சிறு லாபம் உண்டு. அந்த லாபம் ஆள்பலக் குறையை ஈடுகட்டும் அளவுக்கு இருக்கும்போது எளியவன் ஜெயிக்கிறான். எல்லோரும் பழகிவிட்ட பிறகு, மிஞ்சுவது பிளேக்களின் எண்ணிக்கை. அது பணக்காரனின் பக்கம்.

ஆரகன் இதற்கு நடுவில் நிற்கும் சுவாரசியமான அணி. பணமும் இருந்தது, புதுமையும் இருந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் தன் முறையைச் செதுக்கிவிட்டு 2007-இல் அங்கே வந்த சிப் கெல்லி, 2009 முதல் 2012 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்து 46 ஆட்டங்கள் வென்றார், தோற்றவை ஏழு. அவருடைய பயிற்சிக் களத்தில் ஒலிபெருக்கிகள் அலறும். ஒருவரை நிறுத்தி வைத்துப் பாடம் நடத்தும் வழக்கமே கிடையாது. பிழைகளைப் பிறகு வீடியோ அறையில் பார்த்துக்கொள்வார்கள். மற்ற அணி ஒரு பிளேயை ஓட்டி, நிறுத்தி, திருத்தும் நேரத்தில் ஆரகன் இரண்டு மூன்று பிளேக்களை ஓட்டிவிடும். ஆட்டத்தில் தெரிந்த வேகம் அங்கே சம்பாதித்தது.

கூர்ந்து பார்த்தால் ஒரு சின்ன விஷயம் தெரியும். பொதுவாகப் பந்தோடு விழுந்த வீரர் எழுந்து, பந்தை அங்கேயே போட்டுவிட்டு நடப்பார். நடுவர் பொறுக்கி எடுத்து வைப்பார். ஆரகன் வீரர்கள் எழுந்த கையோடு நடுவரைத் தேடிப் பந்தைக் கையில் கொடுப்பார்கள். அவர் எவ்வளவு சீக்கிரம் பந்தை வைக்கிறாரோ அவ்வளவு சீக்கிரம் அடுத்த பிளே. அதில் மிஞ்சுவது இரண்டு வினாடி இருக்கலாம். ஆட்டம் முழுக்கச் சேர்த்தால் எதிரணியின் நுரையீரலுக்குத் தெரியும்.

2010 செப்டம்பரில் டென்னசி மைதானத்தில் 13-3 என்று பின்தங்கிய ஆரகன், அதன்பின் எதிரணிக்கு ஒரு புள்ளியும் கொடுக்காமல் 45 புள்ளிகள் எடுத்தது. அடுத்த மாதம் ஸ்டான்ஃபர்டு 21-3 என்று முந்தியது; பாதி ஆட்டத்தில் 31-24. இரண்டாம் பாதியில் ஸ்டான்ஃபர்டுக்குப் பூஜ்யம், ஆரகனுக்கு 28. அந்த ஆண்டு ஸ்டான்ஃபர்டு தோற்ற ஒரே ஆட்டம் அது. இந்த வெற்றிகளில் உடல் களைப்பின் பங்கு வெட்டவெளிச்சம். களைத்தவன் முதலில் இழப்பது காலின் வலுவை அல்ல, எங்கே நிற்கவேண்டும் என்ற நினைவை. அந்த ஒரு தப்படி போதும்.

ஆனால் ஆரகன் தேசியப் பட்டம் வெல்லவில்லை. 2011 ஜனவரியில் இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது ஆபர்ன். தாக்குதலை வகுத்தவர் அதே மல்சான். இரண்டு வேக அணிகள் மோதினால் 60, 70 புள்ளிகள் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். முடிவு 22-19. ஒரு மாதத்துக்கும் மேல் தயாராக நேரம் கிடைத்தால் தடுப்பாளர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆபர்னிடம் குவார்ட்டர்பேக் கேம் நியூட்டன் இருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. முறை என்னதான் முறையாக இருந்தாலும், பந்தை ஏந்துபவரின் உடம்பும் மூளையும் சேர்ந்துதான் அது.

ஸ்டான்ஃபர்டு பாடம் கற்றது. 2012-இல் 17-14 என்று கூடுதல் நேரத்தில் ஆரகனை வென்றது. 2013-இல் 42 நிமிடங்களுக்கு மேல் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. டைலர் காஃப்னி என்ற ஒற்றை ஆள் 45 முறை பந்தை ஏந்தி முட்டினார். கடைசிக் கால்பகுதியில் ஒரு கட்டத்தில் 26-0. முடிவு 26-20. வேகத்துக்கு எதிர்மருந்து வேகமான தடுப்பு அல்ல, மெதுவான தாக்குதல்.

இன்னொரு எதிர்மருந்தும் உண்டு, அவ்வளவு கௌரவமானதல்ல. 2010 நவம்பரில் ஆட்டத்துக்குச் சராசரி 50 புள்ளிகளுக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்த ஆரகனைக் கலிஃபோர்னியா அணி 15 புள்ளிகளில் நிறுத்தியது. 15-13 என்று தோற்றாலும் பெரிய சாதனைதான். அந்த ஆட்டத்தில் கலிஃபோர்னியாவின் தடுப்பாளர்கள் அடிக்கடி காலைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தார்கள், ஆட்டம் நின்றது, ஆரகனின் வேகமும் நின்றது. அவர்களில் ஒருவரை விழச்சொன்னதற்காகத் துணைப் பயிற்சியாளர் ஒருவரை அவருடைய பல்கலைக்கழகமே ஓர் ஆட்டத்துக்கு விலக்கி வைத்தது. பொய்க்காயம் என்பது நோ-ஹடிலின் நிழல். அது போன இடமெல்லாம் இதுவும் போனது. நடுவர் என்ன செய்வார்? விழுந்து கிடப்பவரைப் பார்த்து நீ நடிக்கிறாய் என்று சொல்லும் துணிவு எந்த நடுவருக்கும் வராது, வரவும் கூடாது.

2012 நவம்பர் 10 அன்று சேபன் நேராக அடிபட்டார். டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணி அலபாமாவின் மைதானத்தில் முதல் கால்பகுதியிலேயே 20-0 என்று முந்தியது. குவார்ட்டர்பேக் ஜானி மன்சியல் முதலாண்டு வீரர். முடிவு 29-24. அடுத்த ஆண்டு நவம்பர் 30-இல் ஆபர்ன். இப்போது மல்சான் அதன் தலைமைப் பயிற்சியாளர். கடைசி நிமிடங்களில் 28-21 என்று பின்தங்கிய ஆபர்ன், ஒரே மாதிரி ஓட்டத்தைத் திரும்பத் திரும்பக் காட்டியது. மறுபடியும் அதே தோற்றம்: குவார்ட்டர்பேக் நிக் மார்ஷல் பந்தோடு இடப்பக்கம் ஓடுகிறார். அங்கே காவலுக்கு நின்ற அலபாமா வீரர் அவரை மடக்க முன்னே வந்தார். அவர் விட்டுவந்த இடத்தில் சாமி கோட்ஸ் தனியாக நின்றார். பிளே தொடங்கிய கோட்டை எட்டுமுன் மார்ஷல் பந்தைத் தட்டிவிட்டார். 39 யார்டு டச்டவுன். மீதி 32 வினாடி. கல்லூரி விதியில் முன்வரிசைக்காரர்கள் பந்து வீசப்படுமுன் மூன்று யார்டு வரை முன்னே போகலாம். தொழில்முறை லீக்கில் ஒரு யார்டுதான். ஓட்டமா வீச்சா என்று கடைசிக் கணத்தில் முடிவெடுக்கும் இந்த ஏமாற்று கல்லூரியில் செழித்ததற்கு அந்த இரண்டு யார்டும் ஒரு காரணம். அந்த ஆட்டம் அலபாமா அடித்துத் தவறிய ஃபீல்டு கோல் பந்தைப் பிடித்து ஆபர்ன் வீரர் மைதானத்தின் மறுகோடிவரை ஓடி 34-28 என முடித்துவைத்ததற்காகத்தான் புகழ்பெற்றது. ஆனால் சேபனின் தூக்கத்தைக் கெடுத்தது அந்த 39 யார்டு பிளேயாகத்தான் இருக்கவேண்டும்.

இரண்டரை மாதம் கழித்து வந்ததுதான் பத்து வினாடித் திருத்தம். அது வந்த விதம் கவனிக்கத்தக்கது. அப்போதைய நடைமுறைப்படி விதிகளை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்றலாம். இடைப்பட்ட ஆண்டில் வீரர்களின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட மாற்றங்களுக்கு மட்டுமே அனுமதி. 2014 இடைப்பட்ட ஆண்டு. எனவே பாதுகாப்பு என்ற பெயரில்தான் அது வரமுடியும். களைத்த தடுப்பாளர் வெளியேற முடியாமல் காயப்படுகிறார் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆதாரம் எங்கே என்று வேக அணிப் பயிற்சியாளர்கள் திருப்பிக் கேட்டபோது காட்ட ஒன்றும் இல்லை. மூன்று வாரத்தில், மார்ச் 5-ஆம் தேதி, திருத்தம் கைவிடப்பட்டது.

இருந்தாலும் அந்தக் கவலையை வெறும் சூழ்ச்சி என்று ஒதுக்கவும் முடியாது. பிளேக்கள் கூடினால் மோதல்கள் கூடும். இதற்கு ஆய்வு தேவையில்லை, கூட்டல் போதும். 2016 அக்டோபரில் டெக்சாஸ் டெக்கும் ஓக்லஹோமாவும் மோதிய ஆட்டத்தில் இரு அணிகளும் தலா 854 யார்டு எடுத்தன. டெக்கின் பாட்ரிக் மஹோம்ஸ் மட்டும் 88 முறை பந்தை வீசினார், 734 யார்டு. 66-59 என்று தோற்றார். பார்க்க விருந்துதான். அன்று களத்தில் இருந்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும்.

சேபன் வழக்கில் தோற்றார். ஆகவே கட்சி மாறினார். 2014 தொடக்கத்திலேயே லேன் கிஃபினைத் தாக்குதல் வகுக்கக் கொண்டுவந்திருந்தார். அலபாமாவும் வட்டம் கூடாமல் ஆடத் தொடங்கியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் மற்ற பணக்கார அணிகளும் அதே பாதையில் போயின. மல்சானின் நண்பர் சாட் மோரிஸை 2011-இல் அழைத்து முறையை மாற்றிய கிளெம்சன், 2017 ஜனவரியில் இறுதி ஆட்டத்தில் அலபாமாவுக்கு எதிராக 99 பிளேக்கள் ஆடியது. அன்றைய அலபாமாவின் தடுப்பு நாட்டிலேயே முதல்தரம். கடைசிக் கால்பகுதியில் அவர்களுக்குக் கால் எழவில்லை. ஒரு வினாடி மிச்சமிருக்கையில் டிஷான் வாட்சன் வீசிய டச்டவுனில் 35-31. இந்த ஆட்டத்தில்தான் நோ-ஹடிலின் கணக்கு நேரானது: ஆள்பலத்தில் சமமானவர்கள், கூடுதல் பிளேக்கள், களைத்த எதிரி.

ஆள்பலம் இல்லாமல் வேகத்தை மட்டும் கொண்டுவந்தவர்கள் பட்ட பாட்டுக்கு முன்னோடியே சாட்சி. 2008-இல் மிச்சிகனுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போன ராட்ரிகஸ் மூன்று ஆண்டுகளில் 15 வெற்றி, 22 தோல்வியோடு வெளியேற்றப்பட்டார். தாக்குதல் தேறியது, தடுப்பு சரிந்தது. 2010-இல் இல்லினாயை மூன்று கூடுதல் நேரங்களுக்குப் பிறகு 67-65 என்று வென்றபோது, அந்த வெற்றியே ஒரு குற்றப்பத்திரிகை மாதிரி இருந்தது. வேக அணி மூன்று முயற்சிகளில் தோற்று நான்காவதில் பந்தை உதைத்துவிட்டால், ஒரு நிமிடத்துக்குள் அது எதிரணிக்குப் போய்விடும். இப்போதுதான் உட்கார்ந்த சொந்தத் தடுப்பாளர்கள் மறுபடி எழவேண்டும். இந்த விலையை விற்பனைப் பேச்சில் யாரும் சொல்வதில்லை. பின்னாளில் சிப் கெல்லி ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குப் போனபோதும் இதே புகார்தான் அவரைத் துரத்தியது.

இருந்தும் பந்தை அதிக நேரம் வைத்திருப்பவன் ஜெயிப்பான் என்ற பழைய நம்பிக்கைக்கு 2021 நவம்பரில் டென்னசி ஓர் அடி கொடுத்தது. ஜாஷ் ஹைப்பலின் அந்த அணி கென்டக்கிக்கு எதிராக 14 நிமிடத்துக்கும் குறைவாகவே பந்தைக் கையில் வைத்திருந்தது. கென்டக்கி 46 நிமிடம். முடிவு 45-42, டென்னசிக்கு வெற்றி. அடுத்த அக்டோபரில் அலபாமாவை 52-49 என்று வென்றது; அலபாமாவை அது தோற்கடித்து 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. ரசிகர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கிப்போய் டென்னசி ஆற்றில் போட்டார்கள். மூன்று வாரம் கழித்து ஜார்ஜியாவில் அதே தாக்குதலால் 13 புள்ளிகளே எடுக்க முடிந்தது. ஜார்ஜியாவின் கூட்டம் எழுப்பிய இரைச்சலில் டென்னசியின் முன்வரிசை பலமுறை முந்தி அசைந்து அபராதம் வாங்கியது. வட்டம் கூடாத அணிக்குச் சொந்த மைதானத்தின் அமைதி ஒரு சொத்து; வெளியூரில் அது கிடைக்காது.

தடுப்பாளர்களும் சும்மா இருக்கவில்லை. நீண்ட வாக்கியங்களாக இருந்த திட்டங்களை ஒற்றைச் சொல்லுக்குக் குறுக்கினார்கள். கனத்த உடம்புகளைக் குறைத்து, ஓட்டத்துக்கும் வீச்சுக்கும் பொதுவாக நிற்கக்கூடிய ஆட்களைத் தேர்ந்தார்கள். ஆள் மாற்றமே தேவைப்படாவிட்டால் பூட்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை. அயோவா ஸ்டேட், பின்னால் காவல் நிற்கும் சேஃப்டிகள் மூவரை நிறுத்தும் அமைப்போடு 2017-இல் ஓக்லஹோமாவை அதன் ஊரிலேயே 38-31 என்று வென்றது. அந்த அமைப்பை இன்று எங்கும் பார்க்கலாம்.

சைகைகளின் கதை தனி. ஹடில் பிறந்ததே சைகையை மறைக்கத்தான் என்பார்கள். வாஷிங்டனில் செவித்திறன் அற்றோருக்கான கேலடெட் கல்லூரியின் அணி 1890-களில் கைச்சைகையால் திட்டம் பேசியது. எதிரணி பார்த்துவிடக் கூடாதென்று குவார்ட்டர்பேக் பால் ஹப்பர்டு ஆட்களை வட்டமாகக் கூட்டினார். நூறு ஆண்டு கழித்து வட்டத்தைக் கலைத்தவர்கள் அதே சிக்கலில் வந்து நின்றார்கள். ஆரகன் நான்கு படங்கள் ஒட்டிய பெரிய அட்டைகளைத் தூக்கிக் காட்டியது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேர் கை காட்டுவார்கள், அவர்களில் ஒருவர் சொல்வதுதான் நிஜம். சில அணிகள் படுக்கை விரிப்பைப் பிடித்து மறைத்தன. 2023-இல் மிச்சிகன், எதிரணிகளின் ஆட்டங்களுக்கு ஆளனுப்பிச் சைகைகளைப் படம்பிடித்ததாகக் குற்றம்சாட்டப்பட்டது. தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவை லீக் மூன்று ஆட்டங்களுக்கு விலக்கி வைத்தது. அந்தப் பருவம் மிச்சிகன் தேசியப் பட்டமும் வென்றது.

சேபன் ஒரே வீச்சில் கேட்டது, வேறு வடிவங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கிறது. 1968 முதல் பத்து யார்டு முன்னேறியதும் கடிகாரம் சற்று நிற்கும் விதி இருந்தது. 2023-இல், ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்கள் தவிர, அது நீக்கப்பட்டது. பிளேக்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே நோக்கம். பொய்க்காயத்துக்கு 2025-இல் ஒரு பதில் வந்தது: நடுவர் பந்தை வைத்த பிறகு ஒருவர் விழுந்து மருத்துவர் உள்ளே வந்தால், அந்த அணியின் டைம்-அவுட் ஒன்று கழியும், டைம்-அவுட் மிச்சமில்லாவிட்டால் ஐந்து யார்டு அபராதம். நடிப்பா நிஜமா என்று தீர்ப்பு சொல்லும் வேலை நடுவரைவிட்டுப் போய்விட்டது, புத்திசாலித்தனமான விதி. நிஜமாகவே அடிபட்டவரின் அணியும் விலை கொடுக்கும் என்பது அதன் குறை.

2024-இல் வந்த இன்னொரு மாற்றத்தின் விளைவுகள் இன்னும் முழுதாகத் தெரியவில்லை. முதல் பிரிவின் மேல்தட்டு அணிகளில், தாக்குதலில் ஒருவருக்கும் தடுப்பில் ஒருவருக்கும் ஹெல்மெட்டுக்குள் ஒலிபெருக்கி வைத்துக்கொள்ளலாம்; பயிற்சியாளரின் குரல் நேராகக் காதுக்கு வரும். கடிகாரம் 15-க்கு இறங்கியதும், அல்லது அதற்குள் பந்து எடுக்கப்பட்டால் அந்தக் கணத்தில், தொடர்பு அறுந்துவிடும். ஓடிவந்து 25 வினாடி மிச்சமிருக்கையிலேயே வரிசை கட்டும் அணிக்கு இது வரப்பிரசாதம்: தடுப்பாளர்கள் நிற்கும் நிலையைப் பார்த்தபடியே பயிற்சியாளர் பத்து வினாடி பேசலாம். ஆனால் கேட்பது குவார்ட்டர்பேக் ஒருவர்தான். மீதிப் பத்துப் பேரும் பழையபடி எல்லைக்கோட்டு அட்டையைப் பார்க்கவேண்டும், இல்லையென்றால் அவரைச் சுற்றிக் கூடி நின்று கேட்கவேண்டும். சில அணிகள் இரண்டாவது வழியைத் தேர்ந்துகொண்டிருக்கின்றன.